பொன்னாடை போதும், பட்டறை வேண்டும்!



தொழில்முனைவோர் மாநாடு, தொழில் வழிகாட்டி முகாம், ஸ்டார்ட்அப் திருவிழா என்று ஊருக்கு ஊர் சுவரொட்டிகள் ஒட்டப்படும் காலம் இது. நல்லதுதான். ஆனால் நடப்பது என்ன? மேடையில் பத்துப் பேருக்குப் பொன்னாடை, மூன்று மணி நேரப் பேச்சு, பிரியாணிப் பொட்டலம், குழுப் படம். அத்தோடு மறு வருடம் வரை மறதி! இந்தக் கூட்டங்களால் ஒரு கடையாவது திறக்கப்பட்டதா? ஒரு பட்டதாரியாவது வெளிநாட்டு விசாவை வேண்டாம் என்று சொல்லி ஊரில் நின்றானா? இப்படிக் கேட்கும் உரிமை ஊர் மக்களுக்கு உண்டு.

காரைக்கால் தலத்தெருவில் புதுத் தொழில் தொடங்குவோருக்கென ஒரு கூட்டமைப்பு உருவாக வேண்டும் என்பதே நமது கோரிக்கை. அது ஒரு நாள் கூத்தாகப் போய்விடக் கூடாது என்பதுதான் நமது கவலை.

முன்னோர் நடத்திய பயிற்சிக்கூடம்

வணிகம் நமக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலம் ஏறியவர்கள் சிங்கப்பூரில் 1826-ல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினார்கள். சைகோன் நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. எந்த மாநாடு அவர்களை உருவாக்கியது?

முதலில் ஒருவர் போனார், கடை வைத்தார். பிறகு மச்சான் மகனை அழைத்தார். அவன் சரக்குக் கட்டினான், கல்லாவில் உட்கார்ந்தான், கணக்கு எழுதினான். சில வருடங்களில் கடனுக்குச் சரக்குக் கொடுத்துத் தனிக்கடை வைத்துக் கொடுத்தார். பயிற்சியாளர், முதலீட்டாளர், ஜாமீன்தாரர் மூவரும் அந்த ஒரே முதலாளிதான்! இன்று ஆங்கிலப் பெயர் சூட்டிச் சொல்லப்படும் எல்லாம் அந்தக் கடைக்குள் நடந்தன.

பின்னர் வளைகுடாவின் கதவு திறந்தது. சபுர் போனவர்கள் குடும்பங்களைக் காப்பாற்றினார்கள். அந்த வியர்வையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் கடையில் கற்ற தொழில் அடுத்தவனுக்குப் போனது. சம்பளம் வீடாகவும் கல்யாணச் செலவாகவும் கரைந்தது. கற்றுக்கொடுக்கும் சங்கிலி அறுந்துவிட்டது. அதை மீண்டும் கோர்ப்பதே இன்றைய தேவை.

போல்டர் சொல்லும் பாடம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்றொரு ஊர். மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். நமது காரைக்கால் மாவட்டத்திலோ 2011 கணக்கெடுப்பின்படியே இரண்டு லட்சம் பேர்! அந்தச் சிறிய ஊர் புதுத் தொழில்களுக்குப் பெயர் பெற்றது எப்படி என்று அங்கு வாழும் முதலீட்டாளர் பிராட் ஃபெல்ட் 2012-ல் ஒரு நூலே எழுதினார். அவர் சொல்வதன் சாரம் நான்கு. தலைமை தொழில் நடத்துவோர் கையில் இருக்க வேண்டும். அரசும் கல்லூரியும் துணை நிற்கலாம், ஓட்டுநராகக் கூடாது. இருபது வருடப் பார்வை வேண்டும். யார் வந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும். ஓயாமல் ஏதாவது செயல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த நான்கில் பொன்னாடைக்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள்!

மாவு பாக்கெட்டிலும் தொழில் உண்டு

"நம்ம ஊரில் என்ன தொழில் பண்ண முடியும்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வயநாட்டுக் கூலித் தொழிலாளியின் மகன் பி.சி. முஸ்தபா ஆறாம் வகுப்பில் தவறியவர். பிறகு பொறியியல் படித்து, துபையில் வங்கி வேலை பார்த்துத் திரும்பியவர். பெங்களூரில் மளிகைக் கடை நடத்திய அவரது உறவினர், பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்டு சுற்றி விற்கும் இட்லி மாவின் தரம் சரியில்லை என்பதைக் கவனித்தார். இவர்கள் சேர்ந்து 2005-ல் தொடங்கியதே ஐடி ஃப்ரெஷ் நிறுவனம். ஒரு நாளைக்கு நூறு பாக்கெட் விற்பதற்கே ஒன்பது மாதம் ஆனது. 2014-ல் ஹீலியன், 2017-ல் பிரேம்ஜி இன்வெஸ்ட் போன்ற பெரிய முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள்.

இந்த வரலாற்றில் படித்தவனும் கடைக்காரனும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். வாடிக்கையாளரின் குறையைக் கடைக்காரன் அறிவான். அதைப் பெரிதாக்கும் வழியைப் படித்தவன் அறிவான். நம் ஊரில் இவ்விருவரும் சந்திக்கும் இடம் எது? கல்யாணப் பந்தி மட்டும்தானே!

எல்லைக் கோட்டின் சோதனை

தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன், டான்சீட் திட்டத்தில் தேர்வாகும் புதிய நிறுவனங்களுக்கு 10 முதல் 15 லட்சம் ரூபாய் வரை ஆதார நிதி வழங்கி வந்திருக்கிறது. அதன் பொறுப்புக்கு 2021-ல் வந்த சிவராஜா ராமநாதன், அதற்கு முன் மதுரையில் 'நேட்டிவ்லீட்' அமைப்பின் வழியே சிறு நகரத் தொழில்முனைவோரையும் உள்ளூர் முதலீட்டாளர்களையும் சந்திக்க வைத்தவர். ஊர்க்காரர்கள் தொடங்கிய வேலை அரசு வரை போனதற்கு இது சான்று.

ஆனால் அந்த நிதி தமிழ்நாட்டில் பதிவான நிறுவனத்துக்கே. பூவத்தில் ஒரு எல்லை, வாஞ்சூரில் ஒரு எல்லை. இடையில் நாம் புதுவை ஒன்றியப் பிரதேசம்! புதுவைப் பொறியியல் கல்லூரியை ஒட்டி அமைந்த அடல் தொழில் வளர்ப்பு மையமோ சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

ஜி.எஸ்.டி.யிலும் இதே சோதனை. புதுவைப் பிரதேசத்துக்குள் மட்டும் பொருள் விற்பவர் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை பொதுவாகப் பதிவு செய்யத் தேவையில்லை. வரிக்குரிய பொருளை நாகூர்க் கடைக்கு அனுப்பினால், அது வெளி மாநில விற்பனை. சில விலக்குகள் தவிர முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். காம்போசிஷன் சலுகையும் கிடையாது. அரை மணிப் பயணத்தில் இருக்கும் நாகூர் சட்டத்தின் கண்ணில் மும்பைக்குச் சமம்! மென்பொருள், வடிவமைப்பு போன்ற சேவைத் தொழிலுக்கு வெளி மாநில விற்பனையிலும் 20 லட்சம் வரம்பு உண்டு. எந்தத் தொழிலை எப்படித் தொடங்குவது என்பதையே மாற்றக்கூடிய விவரம் இது. சென்னையிலிருந்து வரும் ஊக்கப் பேச்சாளர் இதைச் சொல்வாரா? வருடக்கணக்காக எல்லை தாண்டிச் சரக்கு அனுப்பும் நம் ஊர் வியாபாரிதான் சொல்ல முடியும்.

செய்ய வேண்டியவை

ஒன்று: மாதம் ஒரு நாள், மாறாத நாள், மாறாத இடம். சிறப்பு விருந்தினர் வேண்டாம். மூன்று இளைஞர்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசட்டும்: என்ன விற்றேன், எங்கே சிக்கினேன், என்ன உதவி வேண்டும். வியாபாரிகள் கேள்வி கேட்கட்டும்.

இரண்டு: ஒவ்வொரு வியாபாரியும் ஓராண்டுக்கு ஓர் இளைஞனைப் பொறுப்பேற்கட்டும். வாரம் ஒரு மணி நேரம் போதும். கொள்முதல், கடன் வசூல், கணக்கு, ஆள் நிர்வாகம் ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்கட்டும்.

மூன்று: முதல். வட்டியின்றி முதல் திரட்ட முளாரபா என்ற வழி இருக்கிறது. ஒருவர் பணம், ஒருவர் உழைப்பு. லாபம் முன்பே பேசிய விகிதத்தில் பிரியும். நட்டமானால், உழைத்தவரின் அலட்சியமோ மோசடியோ இல்லாதவரை, பணம் போட்டவருக்குப் பணம் நட்டம். உழைத்தவருக்கு உழைப்பு நட்டம். கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை நபி (ஸல்) அவர்கள் சிரியாவுக்குக் கொண்டு சென்றது இத்தகைய ஏற்பாட்டில்தான். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்! திருக்குர்ஆனின் மிக நீளமான வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியது. "நம்ம பையன்தானே" என்று வாய்ப்பேச்சில் கொடுத்து, பின்னர் ஜமாஅத் பஞ்சாயத்தில் நிற்பதை எத்தனை முறை பார்த்துவிட்டோம்! ஜகாத் நிதியை இதோடு கலக்க வேண்டாம், அதற்குரியவர்கள் வேறு.

நான்கு: கதவு எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். படகு வைத்திருக்கும் மீனவச் சகோதரர், நெல் விளைவிக்கும் விவசாயி, திருவேட்டக்குடி என்.ஐ.டி. மாணவர், பண்டித நேரு வேளாண் கல்லூரி மாணவர், அவ்வையார் கல்லூரி மாணவி அனைவரும் வர வேண்டும். ஒரே சமுதாயத்துக்குள் வாங்கி விற்றுப் பெரிய தொழில் எழுந்ததில்லை. வீட்டிலிருந்தே தைத்தும் சமைத்தும் விற்கும் நம் பெண்களுக்கு மேடையோரத்தில் நாற்காலி போட்டால் போதாது. பேசும் முறையும் தர வேண்டும்.

ஐந்து: கடை மூடியவனை ஏளனம் செய்யாதீர்கள். புதுத் தொழில்களில் பல தோற்கத்தான் செய்யும். தோற்ற காரணத்தை அவன் அடுத்த மாதக் கூட்டத்தில் சொன்னால், பத்துப் பேரின் முதல் பிழைக்கும்.

சந்தையைக் காட்டுங்கள்!

மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் சஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியையே தர முன்வந்தார்கள். அவரோ துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே என்று மட்டும் கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கி, பெரும் வணிகரானார்.

நம் இளைஞர்களும் சொத்தில் பாதியைக் கேட்கவில்லை. சந்தைக்கு வழி கேட்கிறார்கள். அந்த வழி தெரிந்த வியாபாரிகள் தலத்தெருவிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்க அவர்கள் முன்வருவார்களா?