குழந்தையின் பங்கு

2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கில் நாடு முடங்கியபோது வீடுகளில் சாப்பாட்டு நேரமும் குலைந்தது. காலைப் பலகாரம் பதினோரு மணிக்குத் தள்ளிப்போனது. மிளகு ரசமும் சுக்குக் கஷாயமும் மீண்டும் அடுப்பேறின. கபசுரக் குடிநீரைத் தமிழக அரசே வழங்கியது. வெளிச் சாப்பாடு குறைந்தது நல்லதுதான். ஆனால், நடையும் குறைந்தது, நொறுக்குத் தீனி கூடியது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது கெடுதலான கூட்டு.

இவையெல்லாம் வசதியுள்ளவர்களின் கதை. கூலி நின்றுபோன வீடுகளில் மாற்றம் வேறு மாதிரி இருந்தது. முதலில் மீனும் முட்டையும் தட்டிலிருந்து போயின. பிறகு காயும் பழமும். நியாய விலைக் கடை அரிசியும் அம்மா உணவகமும் பட்டினியைத் தடுத்தன என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். அரிசி வயிற்றை நிரப்பும். ஆனாலும், வளரும் பிள்ளைக்கு அது மட்டும் போதாது.

பள்ளிகள் மூடியதும் மதிய உணவோடு கிடைத்த முட்டையும் நின்றது. பிறகு உலர் பொருளாக அரிசியும் பருப்பும் தரப்பட்டன. ஆனால், பள்ளியில் பரிமாறும் சோறு அந்தந்தக் குழந்தைக்கே உரியது. வீட்டுக்கு வரும் அரிசியோ எல்லோருக்குமான உலைக்குப் போகிறது. பெண் குழந்தையின் பங்கு அதில் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பெருந்தொற்று வந்து பள்ளிகளை மூட நேர்ந்தாலும், சத்துணவுக் கூடங்களின் அடுப்பு அணையக் கூடாது. சமைத்த உணவும் முட்டையும் முதல் வாரத்திலிருந்தே குழந்தைகளின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரும் ஏற்பாட்டை அரசு இப்போதே எழுதி வைக்க வேண்டும்.