பின்னால் வருபவர்

மலைப் பிரயாணம் பற்றி எழுதப் புகுவோர் இயற்கை அழகை வருணிப்பது வழக்கம். நாமும் அவ்வாறே எழுத எண்ணிக் குறிப்புப் புத்தகமும் கையுமாகவே புறப்பட்டோம். ஆயினும், சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையிற் சுவிற்சர்லாந்தின் அல்ப்ஸ் மலைகளைச் சுற்றி வந்த எமக்கு, இன்றும் நெஞ்சை விட்டகலாதிருப்பவை ஒரு நண்பரின் நடுங்கிய கைகளே.

எம்மோடு ஒரே வாங்கிலிருந்து கல்வி பயின்ற மூவர் அந்நாட்டிலே குடியேறி வாழ்கின்றனர். மூன்று நாள் மோட்டார் சைக்கிள் பிரயாணம் அவர்களுடைய ஏற்பாடு. வண்டிகள் மூன்று, ஆட்கள் நால்வர். வீட்டுக்கும் கல்லூரிக்குமிடையே மட்டும் வண்டியோட்டிப் பழகிய எம்மை, மூவருள் நிதானமாக ஓட்டும் நண்பரின் பின்னிருக்கையில் இருத்தினர்.

முதல்நாள் சூஸ்தன் கணவாயில் ஏறினோம். 1938 முதல் 1945 வரை அமைக்கப்பட்ட அச்சாலையின் உச்சி 2,224 மீற்றர். இறக்கத்திலே முன்சென்ற இருவரும் கண்ணுக்கு மறைந்தனர். அவர்களைப் பிடித்துவிடும் ஆவலில் எம் நண்பரும் விரைந்தார். வளைவுக்குள் நுழையுமுன்னரே வேகத்தைக் குறைத்தல் வேண்டும் என்பது அவர் அறியாததன்று. எனினும், ஒரு கொண்டையூசி வளைவிலே வேகம் மிஞ்சிவிட்டது. வண்டி எதிர்ப்பக்கத்துக்குச் சென்ற அக்கணத்தில், கீழிருந்து மூன்று சுரங்களில் ஓர் ஊதொலி எழுந்தது. மலை வளைவுகளில் அந்நாட்டுத் தபாற் பஸ்கள் எழுப்பும் எச்சரிக்கை அது. ரொசினி என்பார் இயற்றிய 'வில்லியம் ரெல்' இசைநாடகத்தின் முன்னிசையிலிருந்து எடுக்கப்பட்டது. அன்று எம் செவிக்கு அது இசையாகக் கேட்கவில்லை. மஞ்சள் நிறப் பஸ் நின்றது, நாமும் நின்றோம். இடைவெளி இரண்டு முழமே இருக்கும்.

அன்றிரவு அண்டர்மாற் என்னும் ஊரிலே தங்கினோம். உணவுக்கு அமர்ந்தபோதும் நண்பரின் கைகள் நடுங்கின. "நான் நாளைக்குத் திரும்பிப் போறன், நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர், எல்லாரினும் விரைந்து ஓட்டியவர் கூறினார்: "பிழை எங்களிலைதான் மச்சான். நாளைக்கு நீ முன்னுக்குப் போ."

அவர் கூறியதில் ஒரு கணக்கு உண்டு. முன்னால் ஓடுபவர் வளைவைக் கடந்து வேகமெடுக்கும்போது, பின்னால் வருபவர் இன்னும் வளைவிலேயே இருப்பார். வளைவுதோறும் இடைவெளி வளரும். அதனை நிரப்புவதற்குக் கடைசியில் வருபவரே எல்லாரினும் விரைந்து ஓடவேண்டும். மெதுவானவரைக் கடைசியில் விடுவது அவரையே மிக வேகமாக ஓடச் செய்வதாகும்.

மறுநாள் எமது வண்டி முன்னே சென்றது. கொத்தார்ட் கணவாயின் தென்புறத்தே திரெமோலா என்னும் பழைய கற்பாவு சாலை 24 வளைவுகளாகக் கீழிறங்குகின்றது. ஏறக்குறைய 17 கிலோமீற்றர் நீளமான சுரங்கச் சாலை 1980ஆம் ஆண்டு திறக்கப்பட்டபின் வாகனங்களிற் பல மலையினூடே போய்விடுகின்றன. ஆதலால் நாம் ஆறுதலாக இறங்கினோம். பிற்பகலில் நூபெனன் கணவாய். உயரம் 2,478 மீற்றர். எமது பிதுருதலாகலையின் உச்சியே 2,524 மீற்றர்தான்!

மூன்றாம் நாள் கிளெற்ச் என்னுமிடத்தில் வண்டிகளை நிறுத்தினோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ரோன் பனியாறு அப்பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கியிருந்ததாம். இன்று அது மலையின் மேலே ஒதுங்கிவிட்டது. எஞ்சிய பனியின் ஒரு பகுதியைக் கோடையில் வெண்துணியாற் போர்த்தி உருகாது காக்க முயல்கின்றனர். அவ்வழியாற் பலமுறை போன நண்பர் இருவரும் அன்றுதான் முதன்முறையாக அங்கு நின்று பார்த்ததாகக் கூறினர். கிறிம்சல் கணவாயையும் கடந்து நால்வரும் ஒன்றாகவே திரும்பினோம்.

ஊர் திரும்பி வகுப்பறைக்குட் புகுந்தபோது எமக்குச் சிறிது வெட்கமாக இருந்தது. முன்வாங்கு மாணவர் தலையசைத்தாற் போதும், அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடும் ஆசிரியராகவே இத்தனை ஆண்டுகளும் இருந்தோம். பாடத்தைக் காலத்தோடு முடித்ததாகப் பெருமையும் கொண்டோம். எம்மைப் பிடிக்க ஓடிக் கைகள் நடுங்கிய பிள்ளைகள் பின்வாங்கில் எத்தனை பேரோ!

இப்பொழுது பின்வாங்கிலிருந்தே கேள்விகளைத் தொடங்குகின்றோம். பாடம் முடியச் சற்றுத் தாமதமாகின்றது. ஆகட்டும்.