டி-ஷர்ட் பெற்றுத்தராத நம்பிக்கை

அம்பத்தூரில் மென்பொருள் நிறுவனங்கள். ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகள். இவ்விரு தரப்பையும் இணைக்கக்கூடியது ‘டெவலப்பர் ரிலேஷன்ஸ்’ எனப்படும் பணி. நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை நிரலாளர்களிடம் கொண்டுசேர்த்து, அவர்களது நம்பிக்கையைப் பெறுவதே அதன் நோக்கம்.

பரிசுப்பொருளால் அந்த நம்பிக்கை கிட்டாது என்பதற்கு 2020 அக்டோபர் சான்று. அமெரிக்காவின் டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் நடத்திவரும் ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ நிகழ்வில், திறந்த மூல மென்பொருள்களுக்கு நான்கு திருத்தங்கள் அனுப்புவோருக்கு அவ்வாண்டு டி-ஷர்ட் அறிவிக்கப்பட்டிருந்தது. இந்திய யூடியூப் காணொலி ஒன்று எளிய வழியைக் காட்ட, பலர் ஓரிரு சொற்களை மட்டும் மாற்றி அனுப்பிக் குவித்தனர். ஊதியமின்றி உழைக்கும் பராமரிப்பாளர்கள் அவற்றை நீக்கியே களைத்தனர். சில நாள்களிலேயே, விருப்பம் தெரிவித்த மென்பொருள் திட்டங்களுக்கு மட்டுமே என்று விதி மாற்றப்பட்டது. 2023இல் டி-ஷர்ட்டும் கைவிடப்பட்டது.

இதில் மாணவர்களை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. எண்ணிக்கையை அளவுகோலாக்கினால் எண்ணிக்கைதான் விளையும். நம் கல்லூரிகளை நாடும் நிறுவனங்கள், அரங்கில் எத்தனை பேர் திரண்டனர் என்பதைக் காட்டிலும், அவர்கள் சுட்டிக்காட்டிய பிழைகளில் எத்தனையைக் களைந்தோம் என்று கணக்கிட வேண்டும். சான்றிதழ்களை எண்ணும் கல்லூரிகளும், மாணவர் செய்த ஒரு திருத்தம் யாருக்குப் பயன்பட்டது என்று கேட்கத் தொடங்க வேண்டும்.