ஐவரா, ஒருவரா?



பிரேக் பிடிக்காமல் ஒரு ட்ராம் வண்டி ஓடி வருகிறது. தண்டவாளத்தில் ஐந்து பேர். வேறு பாதைக்குத் திருப்பினால் அவர்கள் பிழைப்பார்கள். ஆனால் அங்கே நிற்கும் ஒருவர் இறப்பார். என்ன செய்வது? 1967இல் பிலிப்பா ஃபுட் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் எழுப்பிய கேள்வி இது.

உங்கள் பிள்ளை இக்கேள்வியோடு வீட்டுக்கு வந்தால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "பிரேக் ஏன் பிடிக்கவில்லை?" என்று திருப்பிக் கேளுங்கள்.

அயர்லாந்தின் ஆமா நகருக்கு அருகே 1889 ஜூன் 12ஆம் திகதி, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் பெற்றோரும் கடற்கரைக்குச் சுற்றுலா போனார்கள். மேட்டில் ஏற முடியாமல் புகையிரதம் நின்றுவிட்டது. முன்பகுதியை முதலில் கொண்டு செல்வதற்காகப் பின்னாலிருந்த பத்துப் பெட்டிகளைக் கழற்றினர். சக்கரங்களுக்குக் கீழே கற்களை வைத்தனர். பெட்டிகள் இணைந்திருக்கும் வரைதான் அந்தப் பிரேக் வேலை செய்யும். கற்கள் நொறுங்கின, பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, அடுத்து வந்த புகையிரதத்தில் மோதின. 80 பேர் மாண்டனர். அவர்களில் பலர் சிறுவர்கள்.

இணைப்பு அறுந்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும் பிரேக்கை அமெரிக்கரான வெஸ்டிங்ஹவுஸ் 1870களிலேயே கண்டுபிடித்திருந்தார். ஆனால் பயணிகள் புகையிரதங்களில் தானியங்கிப் பிரேக் வேண்டுமென்று கட்டாயப்படுத்திய சட்டம் இவ்விபத்துக்குப் பிறகுதான் வந்தது.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? 2003 ஜூன் 20ஆம் திகதி கலிபோர்னியாவில் ஆளில்லாத 31 சரக்குப் பெட்டிகள் லொஸ் ஏஞ்சலீஸை நோக்கி உருண்டோடின. கட்டுப்பாட்டு நிலையத்தினர் அவற்றை வேறு பாதைக்குத் திருப்பினர். கொமர்ஸ் என்ற ஊரில் அவை தடம் புரண்டு, எளிய மக்களின் வீடுகளுக்குள் புகுந்தன. பலர் காயமடைந்தனர், இறைவன் அருளால் எவரும் இறக்கவில்லை. புதிரில் மரணம் நிச்சயம். திருப்பியவர்களுக்கோ யார் பிழைப்பார் என்பதே தெரியாது. காரணம் என்ன? கழற்றிவிட்ட பெட்டிகளுக்குக் கைபிரேக் போடப்படவில்லை. சில நிமிட வேலை அது.

சகோதரிகளே! புதிரில் நெருக்கடியின் கடைசி நிமிடம் மட்டுமே இருக்கிறது. அதற்கு முன்னைய நாட்களும் அவற்றில் செய்யத் தவறியவர்களும் அதில் இல்லை. "ஐவரா, ஒருவரா?" என்று தவிப்பவரை மட்டும் குற்றம் சொல்லி நாம் அவர்களைத் தப்ப விடுகிறோம்.

வீட்டிலும் அப்படித்தான். கிணற்றுக்கு மூடி போடுவதும், மருந்துப் போத்தலை உயரத்தில் வைப்பதும், அடுப்பை அணைத்துவிட்டுப் படுப்பதும் யாரும் பாராட்டாத வேலைகள். ஆனால் அந்தக் கடைசி நிமிடத்தை வரவிடாமல் தடுப்பவை அவைதாம்.