விடுமுறை: ஒரு சொல்லின் தவறான ஆட்சி

பல்கலைக்கழகத்தில் ஒரு தவணை முடிந்து மறுதவணை தொடங்கும் வரையுள்ள வாரங்களைத் தமிழில் எச்சொல்லாற் குறிப்பது என்பது பலருக்கு அற்பமான வினாவாகவே தோன்றும். ‘விடுமுறை’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கையில் இதில் ஆராய்வதற்கு யாதுளது என்பர். அது நல்ல தமிழ் என்பதில் ஐயமில்லை. அது இவ்விடத்துக்குரிய சொல்தானா என்பதே வினா.

ஆங்கிலம் இவ்விடயத்தில் ஒரு சொல்லோடு நின்றுவிடவில்லை. ‘ஹொலிடே’ என்பது தோற்றத்திற் புனித நாள். ‘லீவ்’ என்பது ஒருவர் தம் கடமையினின்று நீங்கியிருக்கப் பெறும் அனுமதி. ‘வக்கேஷன்’ என்பதோ வெறுமையாதல், ஒழிந்திருத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியிற் பிறந்தது. அமெரிக்கர் இதனை எல்லா ஓய்வுக்கும் வழங்குவர். பிரித்தானிய வழக்கில் இது பெரிதும் பல்கலைக்கழகங்களுக்கும் நீதிமன்றங்களுக்குமே உரியது. அங்கு வெறுமையாவது விரிவுரை மண்டபம், மாணவனின் மேசையன்று. ஒக்ஸ்போட்டில் முழுத்தவணை எட்டு வாரங்களைக் கொண்டது. மூன்று தவணைகளும் கூடி 24 வாரங்கள். எஞ்சிய 28 வாரங்களும் வெறும் ஓய்வெனின் அது கல்விக்கூடமென்று பெயர்பெற்றிராது. சென்ற தவணையிற் கற்றவற்றை இடைவாரங்களில் மீள வாசித்து வருமாறு பணித்து, புதுத்தவணை தொடங்கும் வேளையிற் கல்லூரிகள் பரீட்சை வைப்பதும் அங்குள்ள வழக்கம். தவணை கேட்பதற்கு, இடைக்காலம் வாசிப்பதற்கு என்பதே அம்முறையின் உட்கிடை.

1942ஆம் ஆண்டில் சேர் ஐவர் ஜெனிங்ஸை உபவேந்தராகக் கொண்டு தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் இப்பிரித்தானிய மாதிரியையே தழுவிற்று. 1960ஆம் ஆண்டளவிற் கலைத்துறைக் கல்வி சுயமொழிகளுக்கு மாறியபோது, பாடங்களுக்கான கலைச்சொற்கள் பற்றி அறிஞர் மிகுந்த கவனஞ் செலுத்தினர். பௌதிகத்துக்கும் பொருளியலுக்கும் சொல் தேடியவர்கள் நாட்காட்டிக்குச் சொல் தேடவில்லை. பாடசாலையில் வழங்கிய ‘விடுமுறை’யே பல்கலைக்கழகத்துக்கும் வந்து சேர்ந்தது. ஹொலிடே, லீவ், வக்கேஷன் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கின.

தமிழர் கல்வி மரபு இவ்வேறுபாடுகளை அறியாததன்று. திண்ணைப் பள்ளிகளில் அமாவாசை, பௌர்ணமி முதலாய நாட்களில் விடப்பட்ட ஓய்வு ‘வாவு’ எனப்பட்டது. ‘உவா’ என்ற பழஞ்சொல்லின் திரிபே அது. ஓதலுக்கு விலக்கப்பட்ட நாள் ‘அனத்தியயனம்’ எனப்பட்டது. இரண்டும் பொதுவான ஓய்வைக் குறியாது, குறித்த காரணத்தால் நேரும் ஒழிவைக் குறிப்பன. (சந்திரனைக் கொண்டு ஓய்வு நாள் வகுப்பதைப் பழைமையென்று நகைப்போர், இந்நாட்டில் 1966 முதல் 1971 வரை சனி, ஞாயிறு நீங்கிப் போயா நாட்களே வார ஓய்வாக இருந்தமையை நினைவிற் கொள்வது நன்று.) பேச்சு வழக்கில் யாழ்ப்பாணத்தார் ‘பள்ளிக்கூட விடுதலை’ என்பர். சிறுவனுக்கு அச்சொல் முற்றும் பொருந்தும். அவன் பிரம்பிலிருந்து விடுதலை பெறுகிறான். பட்டதாரி மாணவன் எதிலிருந்து விடுதலை பெறுகிறான்?

‘தவணை’ என்ற சொல்லும் இம்மயக்கத்துக்குத் துணைநிற்கின்றது. கடனைத் தவணை முறையிற் செலுத்துவோன் ஒரு தவணைக்கும் மறு தவணைக்கும் இடையிற் கவலையற்றிருப்பான். பரீட்சையைக் கடனாக எண்ணும் மாணவனும் அவ்வாறே இருந்துவிடுகிறான். பின்னர் அரையாண்டு முறை புகுந்தபோதும் பெயர் மாறிற்று, மனோபாவம் மாறவில்லை.

மயக்கத்தின் உச்சத்தைப் பரீட்சைக்கு முற்பட்ட வாரங்களிற் காணலாம். அவற்றை ‘ஸ்ரடி லீவ்’ என்றும் ‘படிப்பு விடுமுறை’ என்றும் வழங்குவர். உழவன் உழுவதற்கு விடுமுறை கேட்பதில்லை. மாணவனோ படிப்பதற்கு விடுமுறை பெறுகிறான்! விரிவுரையிற் குறிப்பெழுதுவதே படிப்பு, தானே நூலெடுத்து வாசிப்பது படிப்புக்குப் புறம்பான செயல் என்ற கொள்கை இத்தொடரில் ஒளிவின்றி அமர்ந்திருக்கின்றது. அக்கொள்கையை வெளிப்படையாகக் கூறுமாறு கேட்டால் எந்த விரிவுரையாளரும் கூசுவர்.

இதுவரை கூறியது மாணவர் பிழை. நிர்வாகங்கள் இச்சொல்லாற் பெறும் வசதியோ இதனினும் பெரிது. 1971 ஏப்ரிற் கிளர்ச்சியின்போது பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. 1980களின் இறுதியில் தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கிற் பூட்டிக் கிடந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண மக்கள் இடம்பெயர்ந்தபோது அங்குள்ள பல்கலைக்கழகமும் இடம்பெயர்ந்தது. 2020 மார்ச்சிற் கொள்ளைநோய் வாயில்களை அடைத்தது. இவற்றுள் ஒன்றேனும் மாணவர் வேண்டிப் பெற்ற ஓய்வன்று. ஆயினும் மூடிய காலமும் விடுமுறை, இடைக்காலமும் விடுமுறை என ஒரு சொல் இரண்டுக்கும் வழங்கும்போது, ‘ஏற்கெனவே நெடுநாள் விடுமுறை அனுபவித்தவர்களுக்கு இன்னும் எதற்கு?’ என்ற தர்க்கம் தானே பிறக்கின்றது. தவணைகள் இடைவெளியின்றி அடுக்கப்படுகின்றன. இழந்த விரிவுரை மணித்தியாலங்களுக்குக் கணக்குண்டு. இழந்த வாசிப்பு வாரங்களுக்குக் கணக்கில்லை. பெயரில்லாததைக் கணக்கிடுவது எங்ஙனம்?

தூர இடத்து மாணவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. விடுமுறை என்றதும் விடுதி காலியாக வேண்டும். மலையகத்து லயன் அறைக்கோ மன்னாரின் கரையோரக் கிராமத்துக்கோ திரும்பும் ஒருவர் பல்கலைக்கழக நூலகத்தை எங்கே சுமந்து செல்வார்? நகரத்து மாணவனுக்கு அவ்வாரங்கள் வாசிப்புக் காலமாகலாம். இவருக்கோ ‘வக்கேஷன்’ என்பதன் இலத்தீன் மூலம், வெறுமை என்ற பொருளில், சொல்லுக்குச் சொல் பலித்துவிடுகின்றது.

சொல் வெறும் இடுகுறி, எப்பெயரிட்டாலும் பொருள் மாறாது என்று சிலர் வாதிப்பர். அங்ஙனமாயின் அவர்களே தம் சம்பளத்தை ‘நன்கொடை’ என எழுத ஒருப்படுவரா? பெயர் உரிமையைச் சுட்டும் இடங்களில் எவரும் இடுகுறிவாதியாக இருப்பதில்லை. வேறு சிலர், தூய தமிழ்ச் சொல்லைக் குறைகூறுவது மொழிப்பற்றின்மை என்பர். ஒரு சொல்லைப் பொருந்தா இடத்தில் வைத்து அதன் கூர்மையை மழுக்குவது எவ்வகைப் பற்றோ, அவர்களே விளக்க வேண்டும்.

அரச விடுமுறை நாட்களுக்கு ‘விடுமுறை’ நிற்கட்டும். ஊழியர் பெறும் அனுமதிக்கு ‘லீவு’ என்ற சொல் ஏற்கெனவே தமிழாகிவிட்டது. பூட்டிய காலத்தை ‘மூடல்’ என்றே எழுதுதல் வேண்டும். தவணைகளுக்கு நடுவேயுள்ள வாரங்களைத் ‘தவணையிடைக் காலம்’ எனலாம். அது நீளமானது, செவிக்கினிதன்று என்ற தடை நியாயமானதே. மேலானதொன்று கிடைப்பின் இதனைக் கைவிடுவதில் இழப்பில்லை. ஆனால் நாட்காட்டியில் ‘விடுமுறை’ என்று அச்சிட்டுவிட்டு அதன் எதிரே வெற்றிடம் விடுவது எளிது. ‘தவணையிடைக் காலம்’ என்று அச்சிட்டால், அவ்வாரங்களில் நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும், விடுதியில் எவ்வறைகள் தூர இடத்தாருக்கு ஒதுக்கப்படும் என்பவற்றையும் அவ்வெற்றிடத்தில் எழுதியாக வேண்டும்.