குழந்தைகள் அபிப்பிராயமும் பெரியவர்கள் பயமும்

சிறு பிள்ளைகளுக்கென்று எழுதப்படும் மாயக் கதைப் புத்தகங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் யோக்கியதை யாருக்கு உண்டு என்பது பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். "இது என்ன பெரிய விஷயம்? எழுதியவன் பெரியவன், அச்சுப் போட்டவன் பெரியவன், காசு கொடுத்து வாங்குகிறவனும் பெரியவன், ஆதலால் நல்லது கெட்டது சொல்ல வேண்டியவனும் பெரியவனே" என்று நம்மில் பலர் நினைக்கலாம். அப்படியானால் செருப்புத் தைத்தவனும் அதை விற்றவனுமே அது காலைக் கடிக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாமே. போட்டுக்கொண்டு நடக்கிறவனை எதற்காகக் கேட்க வேண்டும்?

இங்கிலாந்தில் 1936ஆம் வருஷத்தில் நடந்த ஒரு சம்பவத்தைப் பாருங்கள். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த டோல்கீன் என்பவர் "ஹாபிட்" என்று ஒரு மாயக் கதை எழுதினார். குள்ளர்களும், பறவை நாகமும், மந்திரவாதியும் வருகிற கதை அது. அதன் கைப்பிரதி ஸ்டான்லி அன்வின் என்ற பிரசுரகர்த்தரிடம் போயிற்று. அவர் அதைப் பண்டிதர் சபையிடம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கவில்லை. குழந்தைப் புத்தகத்திற்குக் குழந்தையே சரியான நீதிபதி என்பது அவருடைய கொள்கை. தம் மகன் ரெய்னர் என்னும் 10 வயதுப் பையனிடம் கொடுத்துப் படித்துவிட்டு அபிப்பிராயம் எழுதச் சொன்னார். கூலி ஒரு ஷில்லிங்கு. பையன் கதையைச் சுருக்கமாக எழுதி, நன்றாயிருக்கிறது என்றும், தேசப் படங்கள் இருப்பதால் வேறு சித்திரங்கள் தேவையில்லை என்றும், 5 வயதிலிருந்து 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றும் எழுதிக் கொடுத்தான். தனக்கு வயது 10. ஆகையால் தன்னை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாமல் எவ்வளவு ஜாக்கிரதையாக 9 உடன் நிறுத்தியிருக்கிறான் பாருங்கள்! சுயமரியாதை என்பது அந்த வயதிலேயே மனிதனுக்கு இருக்கிறது. பிற்பாடுதான் அடித்தும் அதட்டியும் அதைப் போக்கிவிடுகிறோம்.

புத்தகம் 1937 செப்டம்பரில் வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 1,500 பிரதிகளும் அவ்வருஷ டிசம்பருக்குள் விற்றுப்போயின.

இதில் மூன்று சங்கதிகள் கவனிக்கத்தக்கவை. பையனைக் கேட்டார்கள் என்பது ஒன்று. அவனுடைய வேலைக்குக் கூலி கொடுத்தார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவது, அவன் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் இல்லை என்பதாகும். சித்திரம் வேண்டாம் என்று அவன் சொல்லியும், ஆசிரியரே வரைந்த சித்திரங்களைச் சேர்த்துத்தான் வெளியிட்டார்கள். கேட்பதும், கேட்டதை யோசிப்பதும், யோசித்துத் தள்ளுவதைத் தள்ளுவதும் ஆகிய இதற்குப் பெயர்தான் பகுத்தறிவு என்பது.

நம் காலத்திற்குக் கிட்டிய உதாரணமும் உண்டு. ஹாரி பாட்டர் என்னும் சூனியப் பள்ளிக்கூடத்துப் பையனின் கதையைப் பன்னிரண்டு பிரசுராலயங்கள் வேண்டாம் என்று திருப்பியனுப்பின. அங்கெல்லாம் படித்துப் பார்த்தவர்கள் பெரியவர்களே. கடைசியில் புளூம்ஸ்பரி என்ற கம்பெனியின் தலைவர் முதல் அத்தியாயத்தைத் தம் 8 வயது மகளிடம் கொடுத்தார். அக்குழந்தை அதைப் படித்துவிட்டு மீதியைக் கொண்டா என்று தகப்பனைப் பிடித்துக்கொண்டது. 1997 ஜூனில் புத்தகம் வந்தது. கெட்டி அட்டையில் முதலில் அச்சிட்டது 500 பிரதிகளே. அவ்வருஷமே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வோட்டுப் போட்டு முடிவு செய்துவந்த ஸ்மார்ட்டீஸ் பரிசு அதற்குக் கிடைத்தது. பன்னிரண்டு இடத்துப் பெரியவர்களுக்குத் தெரியாதது ஒரு குழந்தைக்குத் தெரிந்துவிட்டது.

நிற்க. இதைப் படிக்கும் நமது தோழர்களில் சிலருக்குக் கோபம் வரக்கூடும். "மந்திரம், மாயம், சூனியக்காரி எல்லாம் புளுகு என்று மேடை மேடையாகச் சொல்லுகிறோம்; அதே சரக்கை நம் பிள்ளைகள் படிக்கலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் புளுகில் இரண்டு வகை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. "இது நான் கட்டிய கதை, கேட்டுச் சந்தோஷப்படு" என்று சொல்லிச் சொல்லுவது ஒரு வகை. "இது நடந்தது, நம்பு, நம்பாவிட்டால் நரகம், கேள்வி கேட்டால் பாவம், கேட்டதற்குத் தக்ஷிணை வை" என்று சொல்லுவது மற்றொரு வகை. முன்னது விளையாட்டு. பின்னது பித்தலாட்டம்.

ஹாரி பாட்டரைப் படித்த எந்தப் பிள்ளையாவது ஒரு குச்சியை எடுத்து வீசிப் பார்த்திருக்கும். ஒன்றும் நடந்திராது. அது சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கும். அந்தச் சோதனையைச் செய்ததற்காக அதை யாரும் நாஸ்திகன் என்று வையவில்லை. கதை பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். இந்த இடம் வளவள என்றிருக்கிறது என்று சொல்லலாம். இந்த ராஜா செய்தது அயோக்கியத்தனம் என்றும் சொல்லலாம். நம் வீட்டுத் திண்ணையில் புராணம் படிக்கும்போது ஒரு பிள்ளை எழுந்து, "தவம் செய்த சம்பூகனை ராமன் ஏன் வெட்டினான்?" என்று கேட்டால் என்ன நடக்கும் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இன்னும் பாருங்கள். அமெரிக்காவில் பாம் என்பவர் 1900த்தில் எழுதிய ஓஸ் நாட்டு மந்திரவாதியின் கதையில், அந்த மகா மந்திரவாதி ஒரு சமயம் பெரிய தலையாகவும், ஒரு சமயம் நெருப்புப் பந்தாகவும் தோன்றி எல்லோரையும் நடுங்க வைக்கிறான். ஒரு நாய்க்குட்டி திரைத் தட்டியைத் தள்ளிவிடுகிறது. பின்னால் பார்த்தால் மொட்டைத் தலையுள்ள ஒரு சாதாரணக் கிழவன்! கர்ப்பக்கிரகத்துத் திரையின் இரகசியத்தை நாம் பத்து மேடையில் பேசி விளக்குவதை அந்த நாய்க்குட்டி ஒரு நொடியில் விளக்கிவிட்டது. பிள்ளைகள் இன்னும் எழுது, இன்னும் எழுது என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதி எழுதி, மொத்தம் 14 ஓஸ் புத்தகங்களை அவரிடமிருந்து வாங்கிவிட்டார்கள். ஆகவே மாயக் கதையெல்லாம் மூட நம்பிக்கை என்று தள்ளிவிடுவதும் ஒருவகை மூடத்தனமேயாகும்.

மாயக் கதையைக் கண்டு வாஸ்தவத்தில் பயந்தவர்கள் யார் தெரியுமா? மத பக்தர்கள்தான். 2001 டிசம்பரில் அமெரிக்காவில் அலமோகோர்டோ என்ற ஊரில் ஒரு சர்ச்சைச் சேர்ந்தவர்கள் ஹாரி பாட்டர் புத்தகங்களைப் போட்டு எரித்தார்கள். "நீங்களும்தானே மநுதர்மத்தை எரித்தீர்கள்?" என்று வைதீகர்கள் கேட்கலாம். ஆம், 1927இல் மகத் என்ற ஊரில் டாக்டர் அம்பேத்கர் எரித்தார். நம் இயக்கத்தாரும் எரித்தார்கள். ஆனால் மநுதர்மம் கதையா? இன்னார் படிக்கக்கூடாது, இன்னார் தொடக்கூடாது என்று உயிருள்ள மனிதனின் தலையில் ஏறி உட்கார்ந்த கட்டளையல்லவா? கட்டளையை எரித்ததையும் கதையை எரித்ததையும் ஒன்றாகப் பேசுகிறவர்கள் விலங்கையும் விளையாட்டுச் சாமானையும் ஒன்றென்று சொல்லுகிறவர்களே ஆவார்கள்.

குழந்தைகள் சொல்லுவதெல்லாம் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு அனுபவம் குறைவு. வெல்லத்தையே சாப்பாடாகக் கேட்கிற வயது. ஆனால் தப்பாகவாவது அபிப்பிராயம் சொல்லிப் பழகினவனே பின்னால் சரியாகச் சொல்லுவான். வாயைத் திறக்கவே விடாமல் இருபது வருஷம் வளர்த்துவிட்டு, வோட்டுச் சீட்டைக் கையில் கொடுத்து, "யோசித்துப் போடு" என்றால் எங்கிருந்து யோசிப்பான்?

ஆதலால் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். உங்கள் பிள்ளை ஒரு கதைப் புத்தகத்தைப் படித்து முடித்தால், என்ன படிப்பினை என்று பரீக்ஷை வைக்காதீர்கள். உனக்குப் பிடித்ததா, ஏன் என்று கேளுங்கள். பெண் பிள்ளையானால் கட்டாயம் கேளுங்கள். ஏனெனில் அவளை வேறு எதற்கும் யாரும் கேட்பதில்லை. நம் படிப்பகங்களில் சிறுவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். அதில் ஒரு பையன், நமது பத்திரிகையே படிக்கச் சலிப்பாயிருக்கிறது என்று எழுதினாலும் எழுதட்டும். அதைக் கிழித்தெறியாத தகப்பனே பகுத்தறிவுவாதி என்போம்.