குவாங்சோவில் எங்கே தங்குவது? திருப்பூர்ச் சொந்தங்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள திருப்பூர்ச் சொந்தங்களே,

நான் சீனாவின் குவாங்சோவுக்கு வந்து பதினைந்து வருஷமாகிறது. ஜிப், பட்டன், எலாஸ்டிக் பார்த்து வாங்கி நம் ஊர்க் கம்பெனிகளுக்கு அனுப்புவதுதான் என் பிழைப்பு. சித்திரையிலும் ஐப்பசியிலும் இங்கே கேன்டன் வர்த்தகச் சந்தை கூடும். அதற்கு முந்திய வாரம் என் போன் ஓயாது. அண்ணன்மார், மாமன்மார், இப்போது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஊருக்கு நடுவுல நல்ல ரூமா ஒண்ணு சொல்லுங்க."

இந்த ஊருக்கு நடு என்று ஓரிடத்தைக் காட்ட முடியாது. 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 1.87 கோடி ஜனம். பழைய நகரம் முத்து ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது. கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் தியன்ஹே கிழக்கே. சந்தை நடக்கும் பாஜோவோ ஆற்றுக்குத் தெற்கே, ஹைஜூ மாவட்டத்தில். ஆகவே நடுவைத் தேடாதீர்கள். முதல் நாள் காலை எந்த வாசலில் நிற்கப் போகிறீர்களோ, அதை வைத்து அறையைத் தேடுங்கள்.

நமக்கு வேலை பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான். ஒன்று சந்தையின் மூன்றாம் கட்டம். துணிமணி அதில்தான் வரும். வசந்தத்தில் மே 1 முதல் 5 வரை, இலையுதிர் காலத்தில் அக்டோபர் 31 முதல் நவம்பர் 4 வரை. மற்றொன்று ஜோங்தா துணிச் சந்தை. இரண்டுமே மெட்ரோவின் எட்டாம் வழித்தடத்தில் இருக்கின்றன. ஜோங்தாவில் ஏறினால் ஆறாவது நிலையம் பாஜோ. இடையில் கட்சுன், சிகாங் பக்கம் அறை எடுத்தால் இரண்டுக்கும் வண்டி மாறாமல் போய்வரலாம். பாஜோவிலேயே தங்கலாமே என்பீர்கள். சந்தை நாட்களில் அங்கே அறை வாடகை இரட்டிப்பாகிவிடும், சில சமயம் அதற்கும் மேலே போகும். நான்கு நிலையம் தள்ளித் தங்கினால் அந்தப் பணத்தில் சாம்பிள் வாங்கலாம்.

நம்மவர்களில் பலர் ஷியாவ்பெய் வட்டாரத்துக்குத்தான் போகிறார்கள். காரணம் சாப்பாடு, அதை நான் குறை சொல்லமாட்டேன். அரபுக் கடை, ஆப்பிரிக்கக் கடை, இந்தியச் சாப்பாட்டுக் கடை எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்களோடு வந்தால் அங்கேயே தங்குங்கள். ஆனால் அங்கிருந்து பாஜோவுக்கு மெட்ரோவில் வண்டி மாறித்தான் போக வேண்டும். காலை எட்டரைக்கு மெட்ரோக் கூட்டத்தில் அறுபது வயது மாமாவை நிற்க வைக்க எனக்கு மனசு வராது. சாப்பாட்டுக்காக அங்கே தங்குகிறவர்கள் காலையில் வாடகைக் காருக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

லிவான் பக்கம் பழைய வீதிகளில் தங்க ஆசைப்படுகிறவர்கள் வேலை முடிந்து கூடுதலாக இரண்டு நாள் வைத்துக்கொண்டு வாருங்கள். நம் தென்னாட்டிலிருந்து கடல்வழி வந்த போதிதருமர் கரையேறிய இடம் என்று இவ்வூர்க்காரர்கள் நம்பும் ஹுவாலின் கோயில் அங்கேதான் இருக்கிறது. அதன் வாசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஊர் ஞாபகம் வரும்.

இனி நான் சொல்வதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். இந்த நாட்டில் வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் காவல்துறைப் பதிவில் ஏற வேண்டும். ஹோட்டல் என்றால் பாஸ்போர்ட்டை வாங்கி அவர்களே பதிந்துவிடுவார்கள். தெரிந்தவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களோ வீட்டுக்காரரோ அந்தப் பகுதிக் காவல்துறையில் பதிய வேண்டும். தவறினால் எச்சரிக்கை, 2,000 யுவான் வரை அபராதமும் போடலாம். ஒரே ஃபிளாட்டில் எட்டுப் பேரைப் படுக்கவைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிற இடங்கள் உண்டு. அங்கே பதிவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. போலீஸ் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மிச்சம் பிடிக்கும் காசுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

ஹோட்டல் என்றாலும் கேட்டுத்தான் போட வேண்டும். என் முதல் வருஷம் நடந்தது இது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் விலை பார்த்து அறை பிடித்தேன். போய்ச் சேர்ந்தபோது இரவு பதினொன்று. வெளிநாட்டவரைச் சேர்ப்பதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இரண்டு பெட்டியோடு ஐந்து இடம் ஏறி இறங்கி, ஆறாவதில் அறை கிடைத்தபோது மணி இரண்டு. 2024இல் அரசு, வெளிநாட்டவர் என்பதற்காக யாரையும் திருப்பியனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனாலும் சிறிய விடுதிகளில் பாஸ்போர்ட்டைப் பதியத் தெரியாமல் முழிக்கிறார்கள். பணம் கட்டுமுன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். சன்னல் உண்டா என்றும் கேளுங்கள். விலை குறைந்த அறைகள் பலவற்றில் சன்னலே இருக்காது.

ஹாங்காங் வழியாக ரயிலில் வருகிறவர்கள் பெரும்பாலும் இறங்குவது குவாங்சோ தெற்கு நிலையத்தில். அது தெற்கே, பன்யூ மாவட்டத்தில் இருக்கிறது. பழைய குவாங்சோ ரயில் நிலையம் வேறு. பெயரை மாற்றிப் புரிந்துகொண்டு அந்தப் பழைய நிலையத்துக்குப் பக்கத்தில் அறை போட்டவர்களை நானே போய்க் கூட்டிவந்திருக்கிறேன். தெற்கு நிலையத்திலிருந்து இரண்டாம் வழித்தடத்தில் ஏறிச் சாங்காங்கில் மாறினால் எட்டாம் வழித்தடம் வந்துவிடும்.

தனியாக வரும் நம் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இரவு பத்து மணிக்கு இந்த ஊர்த் தெருவில் நடக்க நான் பயந்ததில்லை. என் மனைவியும் பயந்ததில்லை. ஆனால் மெட்ரோ வாசலிலிருந்து பத்து நிமிஷ நடைக்குள் இருக்கிற அறையையே எடுங்கள்.

இந்த ஐப்பசிக்கு வருகிறவர்கள் ஆவணியிலேயே அறை போட்டுவிடுங்கள். ஹோட்டல் பெயரையும் விலாசத்தையும் சீன எழுத்தில் பெரிதாக அச்சடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். விமானம் ஏறுமுன் அதைப் படம் பிடித்து எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை,
குவாங்சோவிலிருந்து